வலைப்பதிவா, நாளிதழா: ஒரு சுயேச்சை வேட்பாளரின் கைப்பணம் எதற்குப் போக வேண்டும்?

கடைமடைக்காரன், வெள்ளகோவில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில், வெள்ளகோவில் கிளைக் கால்வாயின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கோடியில், எனக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. பாசனம் பெறும் நிலப்பரப்பான ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் முறை வரும்போது திருமூர்த்தி அணையில் திறந்த நீர் எந்த நாளில் எங்கள் மதகை எட்டியது, எத்தனை மணி நேரம் நின்றது என்பதை ஒன்பது ஆண்டுகளாக ஒரு வலைப்பதிவில் தேதிவாரியாக எழுதி வருகிறேன். நாளொன்றுக்கு இருநூறு பேர் அதைப் பார்த்தால் அதிகம்.

சட்டமன்றத் தேர்தலில் காங்கேயம் தொகுதியில் எங்களுள் ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்துவது என்று பாசனக்காரர்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். வெற்றி பெறுவோம் என்று யாரும் நினைக்கவில்லை. பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் கடைமடையைப் பற்றி மேடையில் வாய் திறக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கைவசம் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் விளம்பரமும் உள்ளூர் கேபிளில் ஓடும் எழுத்தும் கொடுத்தால் போதும் என்பது பெரியவர்களின் கட்சி. வலைப்பதிவை விரிவாக்கிக் காணொளிகள் போட்டு, ஃபேஸ்புக்கில் பணம் கட்டி எல்லோருடைய கைபேசிக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது இளையவர்களின் கட்சி.

வலைப்பதிவு எழுதுகிறவன் என்பதால் நான் இளையவர்கள் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கே ஐயமாக இருக்கிறது. சென்ற மாதம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள பேக்கரியில் ஒரு பெரியவரிடம் என் பதிவைக் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் தள்ளித் தள்ளி முழுவதும் படித்து முடித்தபின், "இது பேப்பர்ல வந்துச்சுங்களா?" என்றார். இல்லை என்றதும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீரைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். பத்து நாள் கழித்து அதே நாளிதழின் உள்பக்கத்தில், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பதினான்கு நாள் ஆயிற்று என்று எட்டு வரியில் ஒரு செய்தி வந்தது. அதை அவரே கத்தரித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாருங்க, பேப்பர்காரனே போட்டுட்டான்" என்று எனக்குக் காட்டினார்.

வலைப்பதிவில் எழுதுவது தேர்தலில் ஒரு வாக்கையாவது நகர்த்துமா, அல்லது எங்களைப் போன்றவர்கள் ஒருவர் எழுதுவதை ஒருவர் படித்து மகிழ்ந்துகொண்டிருக்கிறோமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய உதவியாசிரியர், கோவை (மறுமொழி)

ஐயா, கோவைப் பதிப்பு ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் மாவட்டப் பக்கங்களைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் மேசைக்கு முதலில் வருவது விளம்பரப் பிரிவின் தாள். அதில் அடைபட்டது போக மிஞ்சிய இடமே செய்திக்கு. வட்டார நிருபர் தொலைபேசியில் சொல்லும் இருபது செய்திகளில் ஏழோ எட்டோ நுழையும். உங்கள் மதகில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது என்பதை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து அச்சிட எந்தப் பதிப்பிலும் இடம் கிடையாது. இதில் சதி எதுவும் இல்லை. பக்கத்தின் அளவு அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த எட்டு வரி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களா? வெள்ளகோவிலில் இருக்கும் நிருபர் மதகடியில் நாள்கணக்கில் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார். தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004இல் தொடங்கியபின், வலைப்பதிவுகளை நாங்கள் வெளியில் கேலி பேசிக்கொண்டே உள்ளுக்குள் படித்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. இதழாளர்கள் படிக்கும் வலைப்பதிவுக்கு இருநூறு வாசகர்கள் போதும்.

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2002 டிசம்பர் 5 அன்று, ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற முதிய செனட்டரின் நூறாவது பிறந்தநாள் விழாவில், அமெரிக்கச் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவரான டிரென்ட் லாட், 1948இல் தர்மண்ட் அதிபர் தேர்தலில் வென்றிருந்தால் நாட்டுக்கு இத்தனை தொல்லைகள் வந்திருக்காது என்ற பொருளில் பேசினார். தர்மண்ட் அந்த ஆண்டு நின்றதே கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கி வைக்கும் கொள்கையை முன்வைத்துத்தான். விழாவுக்குச் செய்தியாளர்கள் போயிருந்தும் பெரும்பாலான நாளிதழ்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜாஷ் மார்ஷல் முதலிய வலைப்பதிவர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து நாள்தோறும் எழுதினார்கள்; அதைப் பார்த்துத்தான் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் திரும்பி வந்தன. டிசம்பர் 20 அன்று லாட் தலைமைப் பொறுப்பை விட்டார். வலைப்பதிவு மட்டும் இருந்திருந்தால் அவர் பதவி போயிருக்காது. நாளிதழ் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பேச்சு மறுநாளே மறந்துபோயிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு வலைப்பதிவு வாக்கு வாங்கித் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நாட்டில் ஹோவர்ட் டீன் 2003 முழுவதும் வலைப்பதிவின் வழியே ஆள் சேர்த்து, சிறுசிறு நன்கொடைகளாகக் கோடிக்கணக்கான டாலர் திரட்டி, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் அவர்தான் என்று எல்லோரும் எழுதும் நிலைக்கு வந்தார். 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கெடுப்பு நடந்தபோது கெர்ரிக்கும் எட்வர்ட்ஸுக்கும் பின்னால் மூன்றாம் இடம்தான் கிடைத்தது.

தறிக்காரர், சோமனூர் (மறுமொழி)

மேலே எழுதிய ஐயா வலைப்பதிவர்களைச் சற்று அதிகமாகவே புகழ்ந்துவிட்டார் என்று கருதுகிறேன். எங்கள் விசைத்தறிக் கூலிப் பேச்சுவார்த்தை ஒன்று முடியும் தறுவாயில் இருந்தபோது, யார் நடத்துகிறார் என்றே தெரியாத ஒரு வலைப்பக்கம், நாங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு தொகையை ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டது. அன்றிரவே அது எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி, பேச்சு மேலும் மூன்று வாரம் இழுத்தது. நாளிதழ் தவறாகப் போட்டால் அலுவலகத்துக்குப் போய் நின்று மறுப்புப் போடச் சொல்லலாம். போடாவிட்டாலும் திட்டிவிட்டாவது வரலாம். இவர்களைத் தேடி எந்த வாசலுக்குப் போவது? தேர்தல் நேரத்தில் இதைவிடப் பத்து மடங்கு நடக்கும்.

வழக்கறிஞர், ஈரோடு (மறுமொழி)

கேள்வி கேட்ட அண்ணாவுக்கு: பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்வதற்கு முன் சட்டம் இந்த இரண்டையும் எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சோமனூர் அண்ணா கேட்ட வாசலைப் பற்றித்தான் இந்தச் சட்டங்களும் பெரும்பாலும் பேசுகின்றன.

அச்சுக்கு அந்தக் கட்டுப்பாடு பழையது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஈரோட்டு அச்சகக்காரர்களுக்கு இது மனப்பாடம். பெயர் போடாமல் அடித்துக் கொடுங்கள் என்று நீங்கள் கெஞ்சினாலும் அடிக்க மாட்டார்கள்.

இணையத்துக்கு என்று தேர்தல் ஆணையம் விரிவான அறிவுறுத்தல் வெளியிட்டது 2013 அக்டோபர் 25 அன்றுதான். வேட்பாளர் தம்முடைய சமூக வலைத்தளக் கணக்குகளை வேட்புமனுவுடன் தரும் 26ஆம் எண் படிவத்தில் காட்ட வேண்டும். இணைய விளம்பரத்தை வெளியிடுவதற்கு முன் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் சான்று பெற வேண்டும். வேட்பாளர் என்றால் குறைந்தது மூன்று நாள்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விளம்பரத்துக்கு நிறுவனங்களிடம் கட்டும் பணம் மட்டுமல்ல, காணொளி எடுத்துக் கொடுப்பவருக்கும் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கும் தரும் சம்பளமும் தேர்தல் செலவில் சேரும். 2022 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றத் தொகுதிக்கு வேட்பாளரின் உச்சவரம்பை 40 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். உங்கள் இரண்டரை லட்சத்துக்கு அது இடிக்காது என்றாலும், முடிவு வெளியான 30 நாள்களுக்குள் கணக்குக் கொடுக்கத் தவறினால் மூன்றாண்டுத் தகுதியிழப்புக்கு வழியுண்டு. சிறு சுயேச்சைகள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உங்களுக்கு உண்மையில் பயன்படும் விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் தம் வலைப்பதிவிலோ சொந்தக் கணக்கிலோ பணம் கட்டாமல் வெளியிடும் அரசியல் கருத்தை, அவர் வேட்பாளராகவே இருந்தாலும், விளம்பரமாகக் கருத வேண்டியதில்லை, முன்சான்றும் தேவையில்லை என்று ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதாவது நீங்கள் ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவருவதை அப்படியே தொடரலாம். ஃபேஸ்புக்கில் பணம் கட்டி அதைப் பலருக்குத் தள்ளிய கணமே அது விளம்பரமாகிவிடும்.

நாளிதழைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'உங்களைப் பற்றி ஒரு செய்தியாகவே போட்டுவிடலாம்' என்று யாராவது விலை சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலித் தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் செய்தி வடிவில் வந்த விளம்பரத்துக்கான செலவைக் கணக்கில் காட்டாததால் 2011இல் மூன்றாண்டுத் தகுதியிழப்புக்கு ஆளானார். பணம் வாங்கிக்கொண்டு போடும் செய்தியைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010இல் அறிக்கையே தந்திருக்கிறது. அச்சில் வந்தால் உண்மை என்ற அந்தப் பேக்கரிப் பெரியவரின் நம்பிக்கைக்குத்தான் இங்கே விலை பேசுகிறார்கள்.

கட்சி இணைய அணிக்காரன், பீளமேடு (மறுமொழி)

எந்தக் கட்சி என்பது இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. இரண்டு தேர்தல்களில் பகல் இரவு பாராமல் கைபேசியோடு உட்கார்ந்திருந்தவன் என்பதால் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு காணொளியை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று நாங்கள் துள்ளிக் குதித்திருக்கிறோம். பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், பார்த்தவர்களில் பாதிப்பேருக்குமேல் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், வளைகுடா. தொகுதிக்குள் இருந்தவர்கள் எங்கள் பூத் கமிட்டிக்காரர்களும் எதிர்க்கட்சியின் இணைய அணிக்காரர்களும்தான் என்று நாங்களே சிரித்துக்கொண்டோம்.

2024 ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்த கோவை மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதிய ஜனதா வேட்பாளர் அண்ணாமலைக்கு இணையத்தில் இருந்த வீச்சு நாடறிந்தது. அதிமுக வேட்பாளர் சிங்கை ராமச்சந்திரன் அக்கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணியை நடத்தியவர். வென்றவர் முன்னாள் மேயரான திமுகவின் கணபதி ராஜ்குமார். 1,18,068 வாக்கு வித்தியாசம். இதைக் காட்டி 'இணையம் தோற்றது' என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அது அரைகுறைக் கணக்காகத் தோன்றுகிறது. இரண்டாம் இடத்துக்கு வந்தவர் நாலரை லட்சம் வாக்கு வாங்கியிருக்கிறார். அதில் இணையத்துக்குப் பங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டணிக் கணக்கையும் வீடுவீடாகப் போகும் ஆள்களையும் இணையத்தால் ஈடுகட்ட முடியவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்னொன்று, எங்கள் தொழில் ரகசியம். வாட்ஸ்அப்பில் மிக வேகமாகப் பரவுவது வலைப்பதிவின் இணைப்பும் அல்ல, காணொளியும் அல்ல. நாளிதழ்த் துணுக்கின் புகைப்படம். இணைப்பை யாரும் தொட்டுத் திறப்பதில்லை. துணுக்கு என்றால் படமாக அப்படியே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே எந்த நாளிதழ் என்று தெரிந்துவிடுகிறது. தேதி இருக்கும் மேல்விளிம்பு பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். ஆறு ஆண்டுக்கு முந்தைய செய்தியை நேற்றைய செய்தியாகச் சுற்ற விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பாவத்தில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

ஆகவே விளம்பரத்துக்கு ஒரு பைசாவும் தராதீர்கள், அண்ணா. நிருபரோடு பழகுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மொடக்குறிச்சி (மறுமொழி)

இத்தனை பேர் எழுதியும் எங்கள் ஊரை ஒருவரும் நினைக்கவில்லையே என்ற வருத்தத்தோடு தொடங்குகிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலோர் விவசாயிகள், தங்கள் குறைகளை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தவர்கள். பொதுப்பிரிவு வேட்பாளருக்கு அப்போது காப்புத்தொகை 250 ரூபாய்தான். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் தம் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் மூதாட்டிகள் தவித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாட்டின் எல்லா நாளிதழ்களிலும் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அதே ஆண்டில் காப்புத்தொகையை 5,000 ரூபாயாக உயர்த்திச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

இன்று யாரிடமாவது மொடக்குறிச்சி என்று சொல்லிப் பாருங்கள். 1,033 என்ற எண்ணைச் சொல்வார்கள், வாக்குச்சீட்டுப் புத்தகத்தைச் சொல்வார்கள். அந்த 1,033 பேர் என்ன கேட்டார்கள் என்று கேட்டால் பத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாளிதழ்கள் மீது எனக்குக் குறை இல்லை. வியப்பான நிகழ்ச்சி நடந்தது, வியப்பை எழுதினார்கள். கோரிக்கையை நாள்தோறும் எழுதி வைக்க எங்களிடம் சொந்தமாக ஒரு தாள் இல்லை. உங்களிடம் இருப்பது அந்தத் தாள், தம்பி.

சொந்தத் தாள் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து பெரியார் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கியபோது, பெரிய நாளிதழ்கள் எல்லாம் சென்னையில் இருந்தன. தாம் சொல்வதை அவை அப்படியே போட மாட்டா என்பது அவருக்குத் தெரியும். அதன் கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அது எதைக் கேட்டது என்பதை இன்றும் எடுத்துப் படித்துப் பார்க்க முடிகிறது. பெரியார் தம் பெயரையும் ஊரையும் போட்டு எழுதினார் என்பதைச் சோமனூர்த் தம்பியும் கவனிக்க வேண்டும். அவருடைய வழக்கு முகவரி இல்லாத எழுத்தின்மீதுதானே தவிர வலைப்பதிவின்மீது அல்ல.

தறிக்காரர், சோமனூர் (மறுமொழி)

ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் போட்டு எழுதினால் எனக்குச் சண்டையில்லை.

கடைமடைக்காரன், வெள்ளகோவில் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கொப்பரைக் களத்தில் கூடி உங்கள் மறுமொழிகளை வாசித்தோம். விளம்பரம் வேண்டாம் என்று பெரியவர்களும், ஃபேஸ்புக்கில் பணம் கட்ட வேண்டாம் என்று இளையவர்களும் ஓரளவுக்கு இறங்கி வந்தார்கள். ஒலிபெருக்கி வண்டிக்கும், அச்சகத்தின் பெயரோடு அடிக்கும் துண்டறிக்கைக்கும், ஊர் ஊராகப் போகும் செலவுக்கும் பணத்தை ஒதுக்கியிருக்கிறோம். ஒன்பது ஆண்டுக் கணக்கை ஒரே பட்டியலாக்கி, என் பெயரும் ஊரும் போட்டு, துண்டறிக்கையின் பின்பக்கத்தில் அச்சிடப் போகிறோம். செலவுக் கணக்கு எழுத வழக்கறிஞர் அக்கா சொன்னபடி ஒரு தனிக் குறிப்பேடு வாங்கியாயிற்று.

கோவை ஐயா கேட்ட கேள்வி மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. இரவில் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். இந்த முறை எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர உண்மையில் ஆனது பன்னிரண்டு நாள். முதலில் எழுதும்போது அவசரத்தில் பதினான்கு என்று தட்டிவிட்டு, மறுநாள் காலையில் திருத்தினேன். அந்த ஒரே இரவில்தான் என் பதிவில் பதினான்கு இருந்தது. நாளிதழின் எட்டு வரியிலும் பதினான்குதான் இருக்கிறது.

பேக்கரிப் பெரியவரிடம் இன்று காலை இதைச் சொல்லி, பன்னிரண்டு என்பதே சரி என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து துணுக்கை எடுத்துப் பிரித்து, பதினான்கின்மீது விரலை வைத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.